ஆறு டிகிரியில் கோணிய பெயர்: ஒரு விசைப்படகு ஸ்டென்சில் வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் படகுகள் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்கு மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுக்காரர்களுக்கு வருமானம் இல்லாத இந்த நாட்கள்தான் எங்களைப் போன்ற ஸ்டிக்கர் கடைகளுக்கு சீசன். படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து முடித்த பிறகே பெயர் எழுதுவார்கள். அதனால் எங்களிடம் வேலை வரும்போது எப்போதும் நாலைந்து நாள்தான் மிச்சம் இருக்கும்.

கடை திங்கள்நகருக்கும் குளச்சலுக்கும் இடையில் இருக்கிறது. ஒரு கணினி, 24 அங்குல ரோல் ஏறும் ஒரு கட்டிங் பிளாட்டர் (கணினியில் வரைந்ததை ஸ்டிக்கர் ஷீட்டில் கத்தியால் வெட்டும் மிசின்), நான், எட்டு மாதமாக வேலை பார்க்கும் ஒரு வடிவமைப்பாளர். அவருக்கு வயது இருபத்திரண்டு. படித்தது வேறொரு மென்பொருளில். எங்கள் கடையில் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள். 2003 முதல் இலவசமாகக் கிடைப்பது, எங்கள் வருமானத்துக்கு அதுதான் சரி.

முதல் மாதங்களில் அவரை அதிகம் படுத்தியது சுட்டெலிதான். இங்க்ஸ்கேப்பில் ஒரு பொருளை ஒருமுறை சொடுக்கினால் அளவு மாற்றும் அம்புகள் வரும். அதே பொருளை இன்னொருமுறை சொடுக்கினால் அம்புகள் வளைந்து, சுழற்றும் அம்புகளாகிவிடும். பக்கவாட்டு அம்புகளோ கோணலாக்கும் அம்புகளாகிவிடும். மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும் என்று நினைத்து இழுப்பார், அது சுழலும். சுழலும் மையத்தைக் காட்டும் சிறிய கூட்டல் குறியும் தெரியாமல் நகர்ந்துவிடும். அப்புறம் எதைச் சுழற்றினாலும் எங்கோ தூரத்துக்குப் போய் நிற்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அந்தக் குறியைச் சொடுக்கினால் மையம் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அதனால் அவர் இழுப்பதை விட்டுவிட்டு எண்களைத் தட்டச்சு செய்யப் பழகினார். நானும் அதைத்தான் ஊக்குவித்தேன். இந்த நிகழ்வில் தவறு அந்த எண்கள் வழியாகவே வந்தது.

வேலை

தடை முடிய ஆறு நாள் இருக்கும்போது ஒரு படகு உரிமையாளர் வந்தார். அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இரண்டு பக்கமும் பெயர் வேண்டும். ஒரு புனிதரின் பெயர், சுற்றிலும் செவ்வகப் பட்டையாக ஒரு பார்டர். ஸ்டிக்கர் உப்புக் காற்றில் உரிந்துவிடும் என்பதால் பெயிண்ட்தான். நாங்கள் வினைல் ஸ்டிக்கர் ஷீட்டில் வெட்டி, எழுத்துப் பகுதியை உரித்தெடுத்து, மிச்சம் கலையாமல் படகுக்கு மாற்ற மேலே டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டிக் கொடுப்போம். இதுதான் ஸ்டென்சில். பெயிண்டர் அதைப் படகில் ஒட்டி, ரோலர் ஓட்டி, காய்ந்ததும் உரித்துவிடுவார்.

அளவு 1500 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம். அணியத்தில் மேல் விளிம்புப் பட்டை முன்பக்கமாக ஏறிப் போகும். பெயர் அதற்கு இணையாக இருக்க வேண்டும். அடிப்பாகத்துப் பெயிண்டின் மட்டக் கோட்டுக்கும் மேல் பட்டைக்கும் இடையே சாய்வு எவ்வளவு என்று பெயிண்டர் கைப்பேசியை வைத்துப் பார்த்தார். 6 டிகிரி.

இங்கே முதல் முடிவு என்னுடையது. சாய்வைக் கோப்பிலேயே வைத்துவிடலாம், ஷீட்டின் கீழ் விளிம்பை மட்டக் கோட்டுக்கு இணையாக ஒட்டினால் பெயர் தானாகவே 6 டிகிரியில் உட்கார்ந்துவிடும் என்று சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு. உரிமையாளருக்குக் காட்டுவதற்காகப் படகின் புகைப்படத்தின் மேல் பெயரைச் சாய்த்து வைத்திருந்தோம். அந்தப் பொருளையே வெட்டுக்கும் அனுப்பினால் ஒரு வேலை மிச்சம் என்று தோன்றியது.

வடிவமைப்பாளர் எழுத்துகளைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி, பார்டரோடு சேர்த்து ஒரே குழுவாக்கி, டிரான்ஸ்ஃபார்ம் சாளரத்தில் 6 என்று கொடுத்துச் சுழற்றினார். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சுழற்றினால் 15 டிகிரிப் படிகளில்தான் போகும், 6 அதில் வராது. அந்தச் சாளரத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதில் போடுவது எப்போதும் 'இப்போதிருக்கும் நிலையிலிருந்து இவ்வளவு' என்பதுதான். பொருள் இப்போது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று அது காட்டாது. பட்டனை இரண்டு முறை அழுத்திவிட்டால் 12 ஆகிவிடும், பெட்டியில் 6 என்றே இருக்கும். அன்று அவர் சரியாக ஒருமுறைதான் அழுத்தினார்.

மறுநாள் காலையில் உரிமையாளர் போன் செய்தார். அணியத்தில் ஒரு கயிற்று வளையம் குறுக்கே வருகிறதாம். "மக்களே, நீளத்தைக் கொஞ்சம் குறைச்சிரு. நூத்தி நாப்பது சென்டி போதும். ஒசரம் அப்படியே இருக்கட்டு."

வடிவமைப்பாளர் குழுவைத் தேர்ந்தெடுத்தார். மேலே அகலப் பெட்டியில் 1512.7, உயரப் பெட்டியில் 355.7 என்று இருந்தது. 1500 எப்படி 1512 ஆனது, 200 எப்படி 355 ஆனது என்று ஒரு நிமிடம் யோசித்ததாகப் பின்னர் சொன்னார். சாய்த்ததால் ஏதோ கூடியிருக்கிறது என்று விட்டுவிட்டார். என்னைக் கேட்டிருக்கலாம். நான் அப்போது குளச்சலில் இருந்தேன். உயரம் மாறக்கூடாது என்பதால் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கும் பூட்டைத் திறந்தார். அகலத்தில் 1400 போட்டு எண்டர் தட்டினார்.

திரையில் ஒன்றும் விகாரமாகத் தெரியவில்லை. பெயர் கொஞ்சம் குறுகியது, அவ்வளவுதான். அதை வலப்பக்கத்துக்கு என்று சேமித்து, ஒரு நகல் எடுத்து, எதிர்த் திசையில் 12 டிகிரி சுழற்றி இடப்பக்கத்துக்கு என்று சேமித்தார். இடப்பக்கத்தில் முன்பக்கம் இடது கையில் வரும், சாய்வு எதிர்த் திசையில் வேண்டும். 6 இலிருந்து எதிர்ப்பக்க 6 க்குப் போக 12. கணக்கு சரிதான். இரண்டையும் வெட்டிக் கொடுத்தோம்.

கவனித்தவை

தடை முடிய நாலு நாள் இருக்கும்போது பெயிண்டர் வலப்பக்கத்தை ஒட்டி, பெயிண்ட் அடித்து, உரித்தும் விட்டார். பெயரின் மேல் பார்டருக்கும் விளிம்புப் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளி முன்பக்கம் போகப் போகக் குறைவதாக அவருக்குப் பட்டது. தன் சுண்ணாம்புக் கயிறுதான் இழுபட்டிருக்கும் என்று நினைத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் இடப்பக்கம். இந்தமுறை கயிற்றை இரண்டு தடவை சரிபார்த்துத்தான் ஒட்டினார். இங்கே இடைவெளி முன்பக்கம் போகப் போக அதிகமானது. பெயிண்ட் அடிக்காமல் எங்களைக் கூப்பிட்டார்.

நான் போய் அளந்தேன். வலப்பக்கத்தில் பின் முனைக்கும் முன் முனைக்கும் இடையில் கிட்டத்தட்ட 12 மி.மீ. குறைவு. இடப்பக்கத்தில் அதே 12 மி.மீ. கூடுதல். பெயரின் நீளம் 1400க்குப் பதில் 1390. உயரம் 200தான்.

தீர்மானமாகப் பேசியது பெயிண்டரின் கயிறு. தச்சர்கள் கதவுச் சட்டத்தில் செய்வது போல, பார்டரின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே கயிற்றைப் பிடித்து அளந்தார். ஒரு மூலைவிட்டம் 1407, மற்றது 1401. செவ்வகமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். "இது சதுரமா நிக்கல. உங்க மிசின்ல ஏதோ கோணல்," என்றார்.

காரணம் தேடியது

முதல் சந்தேகம் பிளாட்டர் மேல். கடைக்கு வந்து 100 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டினோம். பக்கங்கள் சரி, மூலைவிட்டங்கள் இரண்டும் 141 கொஞ்சம் மேலே. பிளாட்டர் தப்பித்தது.

இரண்டாவது சந்தேகம் எனக்குப் பழைய அனுபவத்திலிருந்து வந்தது. 2017 ஜனவரியில் வந்த 0.92 பதிப்பில் இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96 ஆக மாற்றியது. பழைய கோப்புகளில் அளவு குறைந்து, 100 என்று வரைந்தது 93.75 ஆக வெட்டுப்படும். அன்று அதில் ஒரு கதவு ஸ்டிக்கரை வீணடித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோப்பு புதிது. 1400க்கு 1390 என்பது அந்த விகிதமும் இல்லை. தவிர, அந்தப் பிழை எல்லாவற்றையும் சமமாகச் சுருக்கும், கோணலாக்காது.

மூன்றாவது, அணியத்தின் வளைவு. வளைந்த இடத்தில் தட்டையான ஷீட்டை ஒட்டினால் சில மில்லிமீட்டர் இழுபடும் என்பது உண்மை. ஆனால் படகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறது. பிழை வளைவில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே விதமாக வர வேண்டும். இங்கே ஒரு பக்கம் தூக்குகிறது, மறுபக்கம் தாழ்கிறது. ஒரே பொருளை எதிர்ப்பக்கம் சுழற்றியதால்தான் இப்படி வரும் என்பது அப்போது உறைத்தது.

கோப்பைத் திறந்து அகலப் பெட்டியைப் பார்த்தேன். 1400.0 என்று அழகாக நின்றது. படகில் 1390, திரையில் 1400. அந்தப் பெட்டி அளப்பது பெயரை அல்ல. சாய்ந்து நிற்கும் பெயரைச் சுற்றி நேராகக் கட்டிய ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டியைத்தான் அது அளக்கிறது.

வடிவமைப்பாளருக்குப் புரியவைக்க ஒரு 100 மி.மீ. சதுரம் வரைந்து, பாதையாக மாற்றி, 45 டிகிரி சுழற்றினேன். அகலப் பெட்டி 141.4 என்றது. "சதுரம் பெருசாயிருச்சா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணா, மூலையில நிக்கி," என்றார். பூட்டைத் திறந்து அகலத்தை 100 ஆக்கச் சொன்னேன். சதுரம் நெடுக்கவாட்டில் நீண்ட வைரமாகிவிட்டது, தீபாவளிக் கம்மல் மாதிரி. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார், "அப்போ முந்தாநேத்து பெயரையும் இப்படித்தான் செஞ்சிருக்கேன்."

45 டிகிரியில் கண்ணுக்குத் தெரிகிற இந்தக் கோணல் 6 டிகிரியில் தெரிவதில்லை என்பதுதான் இங்கே ஆபத்து. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1500க்கு 200 செவ்வகம் 6 டிகிரி சாய்ந்தால் சுற்றுப்பெட்டி 1512.7க்கு 355.7. அதை உயரம் மாறாமல் 1400க்கு அமுக்கினால், கிடைமட்டத்தில் மட்டும் 0.9255 மடங்கு சுருக்கம். சாய்ந்து கிடக்கும் நீளப் பக்கம் நெட்டுக்குத்தாக எழும்பி 6 இலிருந்து 6.48 டிகிரி ஆகிறது, நீளம் 1390. நிற்கும் பக்கமோ நேராக நிமிர்ந்து 6 இலிருந்து 5.56 டிகிரிக்கு வருகிறது. இரண்டுக்கும் இடையே 90 டிகிரி இருந்த மூலை 89.08 ஆகிறது. இதை 12 டிகிரி எதிர்ப்பக்கம் சுழற்றினால் 5.52. வலப்பக்கம் அரை டிகிரி அதிகம், இடப்பக்கம் அரை டிகிரி குறைவு. 1390 நீளத்தில் அரை டிகிரி என்றால் 12 மி.மீ. படகில் அளந்ததும் அதேதான். மூலைவிட்டங்களும் கணக்கில் 1407, 1401 என்றே வந்தன. கயிற்றை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அளந்த துல்லியம் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கோப்பில் இதற்குத் தடயமும் இருந்தது. கோப்பின் உள்ளே எழுதியிருப்பதை வரி வரியாகக் காட்டும் எக்ஸ்எம்எல் எடிட்டரில் குழுவைப் பார்த்தால் அதன் உருமாற்றம் நான்கு எண்களாக, பின்னால் இடமாற்றத்துக்கு இரண்டாக நிற்கும். வெறும் சுழற்சி என்றால் முதல் எண்ணும் நான்காவதும் சமம். இரண்டாவதும் மூன்றாவதும் குறி மட்டும் மாறிய ஒரே எண். வலப்பக்கக் கோப்பில் முதலாவது 0.9204, நான்காவது 0.9945. அங்கேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் யார் போய் அங்கே பார்ப்பார்கள்?

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். செவ்வகக் கருவியால் வரைந்த செவ்வகத்தை அந்தக் கருவியை எடுத்துக்கொண்டே தொட்டால், எத்தனை டிகிரி சாய்ந்திருந்தாலும் அதன் சொந்த அகலமும் உயரமும் சரியாகவே காட்டும், மாற்றவும் விடும். பாதையாக மாற்றியதற்கும் குழுவுக்கும் அந்த வசதி இல்லை. எங்கள் வேலை முழுக்கப் பாதைகளும் குழுக்களும்தான்.

எடுத்த முடிவுகள்

தடை முடிய மூன்று நாள். இடப்பக்கத்தில் ஒட்டிய ஷீட்டை உரித்துவிடலாம், பெயிண்ட் அடிக்கவில்லை. வலப்பக்கம்தான் கேள்வி. உரிமையாளர் அப்படியே விட்டுவிடலாம் என்றார். "கடல்ல எவன் மட்டம் வச்சுப் பாக்கப் போறான்?" பெயிண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நிற்கும்போது மற்ற பெயிண்டர்கள் பார்ப்பார்கள், தன் கை என்று சொல்வார்கள் என்றார். அது நியாயமாகப் பட்டது. வலப்பக்கத்தை உரசி அழித்துத் திரும்ப எழுதுவது என்று முடிவானது. இரண்டு ஷீட் வினைலும் பெயிண்டரின் ஒரு நாள் கூலியும் கடைக் கணக்கில்.

கோப்பை எப்படிச் சரிசெய்வது? செய்ததைத் திரும்பப் பெறும் வசதி கோப்பை மூடியதும் போய்விடுகிறது. கோணலான பொருளைச் சுழற்றியும் இழுத்தும் நிமிர்த்த வடிவமைப்பாளர் அரைமணி நேரம் முயன்றார். கோணலோடு சேர்ந்து சுழல்கிறதே தவிர நிமிரவில்லை. பிறகு எக்ஸ்எம்எல் எடிட்டரில் குழுவின் உருமாற்ற வரியை அப்படியே நீக்கினோம். சுழற்சி, அமுக்கம் எல்லாம் போய், பெயர் 1500க்கு 200 ஆக நேராக வந்து நின்றது. எல்லாம் ஒரே குழுவில் இருந்ததால் தப்பித்தோம்.

நேராக நின்ற பிறகு அகலத்தை 1400 ஆக்குவதில் கோணல் ஆபத்து இல்லை. ஆனால் எழுத்துகளை நெருக்கி ஒடுக்கினால் 'ண', 'ணா' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், பெயிண்டில் இன்னும் மோசம். அதனால் பெயரை மறுபடி தட்டச்சு செய்து, எழுத்து இடைவெளியைக் குறைத்து 1400க்குள் கொண்டுவந்தார். இது வடிவமைப்பாளரின் யோசனை.

இன்னொரு முடிவு: வெட்டும் கோப்பில் சாய்வே வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் நேரான ஒரே கோப்பு, இரண்டு முறை வெட்டு. சாய்வைப் பெயிண்டர் படகில் பார்த்துக்கொள்வார். மேல் பட்டையிலிருந்து கீழே ஒரே அளவில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்து, சுண்ணாம்புக் கயிற்றைத் தட்டி, பார்டரின் மேல் விளிம்பை அந்தக் கோட்டில் ஒட்டுவது. அப்போது டிகிரி என்ற எண்ணே தேவையில்லை. இதை அவர் முதல் நாளே சொல்லியிருப்பார், நான்தான் அவரைக் கேட்காமல் கோப்பில் சாய்த்துக் கொடுத்தேன்.

பின்னர் நடந்தது

அந்த வாரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. வலப்பக்கத்தை உரசியதும் அடிக்க வேண்டிய கோட் காயவில்லை. தார்ப்பாயைக் கட்டி, ஒரு இரவு முழுக்க விட்டு, ஜூலை 31 காலையில் பெயர் எழுதி முடித்தார். அளந்தோம். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்று. பட்டைக்கும் பெயருக்கும் இடைவெளி இரண்டு முனையிலும் ஒரே அளவு. படகு அன்று நள்ளிரவுக்குப் பிறகு மற்றவற்றோடு போயிற்று.

அடுத்த வாரம் ஆட்டோவின் பின் கண்ணாடிக்குச் சாய்வான பெயர் ஒன்று வந்தது. வடிவமைப்பாளர் முதலில் நேராகவே அளவை முடித்து, ஒரு நகலைச் சாய்த்துப் புகைப்படத்தில் வைத்து வாடிக்கையாளரிடம் காட்டினார். வாடிக்கையாளர் நீளத்தைக் கூட்டச் சொன்னபோது சாய்ந்த நகலைத் தொடவில்லை, அழித்துவிட்டார். நேரான மூலத்தில் மாற்றி, புதிதாக ஒரு நகலைச் சாய்த்தார்.

இனி மாற்றுவது

காட்டும் கோப்பு வேறு, வெட்டும் கோப்பு வேறு. இதைக் கடையில் எழுதியே ஒட்டியிருக்கிறோம். சாய்ந்த பொருளைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும் என்றால் பூட்டு மூடியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் மாறினால் கோணலாகாது. ஒரு பக்கம் மட்டும் மாற வேண்டும் என்றால் முதலில் நேராக்க வேண்டும். நேராக்க எத்தனை டிகிரி சுழற்றியது என்று தெரிய வேண்டும், மென்பொருள் அதைச் சொல்லாது என்பதால் சாய்வைக் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறோம்.

அகலப் பெட்டியில் எதிர்பாராத எண் வந்தால் நிறுத்திக் கேட்பது என்பதையும் சேர்த்தேன். வடிவமைப்பாளர் அன்று யோசித்த அந்த ஒரு நிமிடம்தான் பிழையைப் பிடித்திருக்கக்கூடிய இடம். யாரையும் கேட்காமல் தாண்டிப் போகும்படி வேலையை நெருக்கடியில் வைத்திருந்தது நான். பார்டர் உள்ள எந்த வேலையிலும் வெட்டிய ஷீட்டில் மூலைவிட்டத்தை அளந்துவிட்டுத்தான் டேப் ஒட்டுகிறோம். ஒரு நிமிட வேலை.

செய்யாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. சுழற்றாத பழைய கோப்புகள் எவை, சுழற்றி அமுக்கியவை எவை என்று கடந்த எட்டு மாதக் கோப்புகளை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. பார்டர் இல்லாத வேலைகளில் இதே கோணல் போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

வலப்பக்கத்தில் சாயங்கால வெயில் சரிவாக விழும்போது, புதிய பெயருக்கு அடியில் பழைய பார்டரின் விளிம்பு லேசாக மேடாகத் தெரிகிறது என்று பெயிண்டர் ஒருநாள் சொன்னார். அதற்கு அப்புறம் நான் அந்தப் படகைப் பார்க்கவில்லை.